சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு ஏற்ற மரம்

இமயமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில், சில ஆண்டுகளுக்கு முன், மரச் சாய்தளம் ஒன்றைப் பார்வையிடும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. பள்ளித் திண்ணை தரையினின்றும் மூன்று படி உயரம். நடக்க இயலாத மாணவி ஒருத்திக்காக அச்சாய்தளம் அமைக்கப்பட்டிருந்தது. பச்சை வண்ணம் பூசிய பலகைகள் மேற்பார்வைக்குப் புதியனவாகவே தோன்றின. ஆயினும், கீழிருந்து இரண்டாவது பலகையில் பேனாக்கத்தியை வைத்து அழுத்தியபோது, அலகு முழுவதும் தடையின்றி உள்ளே சென்றது. வண்ணத்தின் அடியில் மரம் ஈரப் பஞ்சுபோல் ஆகிவிட்டிருந்தது. அமைத்து இரண்டு மழைக்காலங்களே கழிந்திருந்தன. பலகை நெரியும் ஓசையை முன்னரே கேட்ட ஆசிரியை, அதன்மேல் நாற்காலியை ஏற்றலாகாது என்று தடுத்துவிட்டார். அன்று முதல் பெரிய மாணவர் இருவர் அப்பெண்ணை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினர். அவ்விருவரும் வாராத நாள்களில் அவளும் பள்ளிக்கு வரவில்லை.

ஊரார் தச்சரைக் குறை கூறினர். தச்சர் மரக்கடையைக் குறை கூறினார். உண்மையில் மரம் தன் இயல்புப்படியே நடந்துகொண்டது. எந்த மரத்தை, அதன் எந்தப் பகுதியை, எந்த இடத்தில் வைப்பது என்னும் மூன்று கேள்விகளும் அங்குக் கேட்கப்படவில்லை என்பதே குறை.

கால்நடையாகச் செல்பவர் தாம் மிதித்த பலகை அசைந்தால் அடுத்த பலகைக்குத் தாவிவிடுவார். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு அவ்வசதி இல்லை. ஆகையால் வேலிக்கும் தோட்டத்து இருக்கைக்கும் போதுமான மரம் சாய்தளத்துக்குப் போதாது. கட்டாய இலவசக் கல்விச் சட்டம் (2009) பள்ளிக் கட்டடத்துக்குத் தடையற்ற நுழைவழி வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) பொதுக் கட்டடங்கள் அனைத்துக்கும் அதனை விரித்துரைக்கிறது. இவற்றை நிறைவேற்றும் பொறுப்புப் பெரும்பாலும் களப்பணியாளர்மீதும் தலைமையாசிரியர்மீதுமே வந்து விழுகின்றது.

கல்லோ கான்கிரீட்டோ கொண்டு முழுச் சாய்தளத்தையும் கட்ட இயலுமாயின் அவ்வாறே செய்க என்பதே நம் முதற் கருத்து. ஆயினும் மணலும் சிமெண்டும் எளிதில் ஏறாத மலையூர்கள் உண்டு. வாடகைக் கட்டடத்தில் நடைபெறும் பள்ளிகள் உண்டு. இடித்துக் கட்டலாகாத பழங்கட்டடங்கள் உண்டு. அங்கெல்லாம் கழற்றி எடுத்துச் செல்லத்தக்க மரச் சாய்தளமே கைகொடுக்கும். அதனை எவ்வாறு தேர்ந்தமைப்பது என்பதையே இங்கு ஆராய்வோம்.

நீரும் காற்றும்

மகாராட்டிரத்தில் லோணாவாலாவுக்கு அருகில் உள்ள கார்லே குகைச் சைத்தியத்தின் கவிந்த கூரையின் உட்புறத்தில், விலா எலும்புகளைப் போல வளைந்த மரச் சட்டங்கள் பொருத்தப்பட்டுள்ளன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக அவை அங்கேயே இருக்கின்றன. பாடலிபுத்திரத்தின் இடிபாடுகளைத் தேடிப் பாட்னாவுக்கருகில் அகழ்ந்தபோது, மௌரியர் காலத்து மரக்கட்டு அரணின் சால மரத் தூண்கள் ஈர மண்ணின் ஆழத்தில் நின்ற நிலையிலேயே அகப்பட்டன. ஒன்று மழையே படாத இடம். மற்றொன்று நீரூறிய நிலம். இரண்டிலும் மரம் பிழைத்தது. இவ்விரண்டுக்கும் இடையே நம் தோட்டத்து வேலிக்கால் ஐந்தாண்டுகளில் இற்று விழுகின்றது. இது ஏன்?

மரத்தை மட்கச் செய்வது பூஞ்சக்காளான். அது உயிர்வாழ உணவு, வெப்பம், நீர், காற்று ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். மரமே உணவு, நம் நாட்டில் வெப்பத்துக்குக் குறைவில்லை. எனவே நீரையோ காற்றையோ விலக்கினால் அன்றி அதனை ஒடுக்க இயலாது. கார்லேயில் நீர் இல்லை. பாட்னாவின் ஈர மண்ணில் காற்று இல்லை. வேலிக்காலைப் பிடுங்கிப் பார்த்தால், மண்ணுக்கு வெகு ஆழத்தில் இருந்த நுனியும், தரைக்கு மேலே உயர்ந்து நின்ற பகுதியும் ஓரளவு உறுதியாகவே இருக்கும். தரைமட்டத்தில், மேலும் கீழுமாக ஒரு சாண் அளவுக்குள், இடுப்பு ஒடிந்ததுபோல் இற்றிருக்கும். நீரும் காற்றும் சந்திக்கும் இடம் அதுவே. கறையானும் மண்ணிலிருந்து அவ்வழியாகவே ஏறுகின்றது.

மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20-க்குக் கீழ் இருக்குமாயின் பூஞ்சக்காளான் வேரூன்றாது. ஏறத்தாழ 30-ஐ எட்டும்போது மரத்தின் நார்ச் சுவர்கள் நீரால் நிறைவுறுகின்றன. அதன்பின் மட்குதல் விரைவாகும். மழையில் நனைந்த பலகை இரண்டொரு நாளில் உலர்ந்துவிட்டால் பெருங்கேடு இல்லை. நனைந்தது உலராமல் தங்கும் இடங்களே கேடு விளைவிப்பன.

இப்பொழுது சாய்தளத்தின் வடிவத்தை எண்ணிப் பாருங்கள். படிக்கட்டு கற்பீடத்தின்மேல் நிற்கலாம்; முதற்படி தரைக்கு ஓரங்குலம் உயர்ந்திருந்தாலும் குற்றமில்லை. சாய்தளமோ தரையோடு தரையாகத் தேய்ந்து முடியவேண்டும். அரை அங்குல விளிம்பு நின்றாலும் நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அதில் முட்டி நின்றுவிடும். ஆகவே மிக மெல்லிய மரத்தை மிக ஈரமான இடத்தில், மண்ணோடு ஒட்ட வைக்கும் நிலை ஏற்படுகின்றது. மேலே கூறிய பள்ளியில் இரண்டாவது பலகை இற்றதற்கும் இதுவே காரணம். இவ்விடத்தில் தேக்கு வைத்தாலும் அது பிற பலகைகளைவிட முன்னதாகவே அழியும்.

எனவே மரத்தேர்வின் முதல் விதி, அடிமுனையில் மரத்தையே தேராமல் விடுவதாகும். திண்ணையின் உயரம் மூன்று படி, அதாவது 45 சென்டிமீட்டர் என்று கொள்வோம். சரிவு 12-க்கு 1-ஐ விடச் செங்குத்தாக இருத்தலாகாது என்பது நம் நாட்டு வழிகாட்டு நெறி. ஆகவே சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர். இதில் முதற்படியின் உயரமாகிய 15 சென்டிமீட்டர் வரை, அதாவது 1.8 மீட்டர் நீளத்தை, கல்லடுக்கியோ கான்கிரீட் இட்டோ கட்டிவிடுக. எஞ்சிய 3.6 மீட்டரே மரம். அவ்வாறு செய்தால் பலகையும் அதன் கீழுள்ள சட்டமும் மண்ணைத் தொடாமல் கல்லின்மேல் தங்கி நிற்க இடம் கிடைக்கும். அடியில் காற்றும் புகும்.

இதனால் செலவும் குறையும். 1.2 மீட்டர் அகலமும் 38 மில்லிமீட்டர் கனமும் கொண்ட பலகைத் தளம் 5.4 மீட்டருக்கு ஏறத்தாழ 8.7 கன அடி மரம் கேட்கும், 3.6 மீட்டருக்கு 5.8 கன அடியே போதும். மீந்த பணத்தை மலிவான மரத்தை மிகுதியாக வாங்குவதில் செலவிடாமல், நல்ல மரத்தை அளவாக வாங்குவதில் செலவிடலாம். சில்லறை வேலை என்று கருதிக் கல்வேலையைக் கைவிடுபவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்ப்பது நலம்.

வைரமும் வெளிறும்

வெட்டிய அடிமரத்தின் குறுக்குமுகத்தில் நடுவில் கருத்த வட்டமும், அதனைச் சூழ்ந்து வெளுத்த வளையமும் காணலாம். நடுப்பகுதி வைரம், சூழ்ந்தது வெளிறு. தச்சர் இதனை வெள்ளை என்பர். மரம் உயிரோடு நின்றபோது வெளிறு நீரை ஏற்றியும் மாவுப்பொருளைச் சேமித்தும் வந்தது. ஆகவே பூச்சிகளுக்கும் காளானுக்கும் அது விருந்து. வெளிறு முதிர்ந்து வைரமாகும்போது எண்ணெய், பிசின், துவர்ப்பு முதலிய பொருள்கள் அதில் படிகின்றன. இவையே மரத்தின் இயற்கைக் காப்பு மருந்து.

இதிலிருந்து பலரும் மறந்துவிடும் ஓர் உண்மை பெறப்படும். எம்மரத்தின் வெளிறும் நிலைத்து நிற்பதன்று. தேக்கின் வெளிறும் மாம்பலகையும் இவ்வகையில் ஒன்றே. இளமையில் வெட்டப்படும் தோட்டத் தேக்கில் வெளிற்றின் பங்கு மிகுதி. கடைக்காரர் அதனைத் தேக்கு என்று விற்பது பொய்யன்று, ஆனால் நமக்கு அது உதவாது. ஆகையால் விலைப்பட்டியலில் "தேக்குப் பலகை" என்று மட்டும் எழுதலாகாது. "வெளிறு நீக்கிய தேக்கு வைரம்" என்று எழுதுக. பலகை வந்திறங்கும்போது ஓரங்களில் வெளுத்த பட்டை தெரிகின்றதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கவேண்டும். வண்ணம் பூசியபின் இதனைக் காண இயலாது. ஆகவே வண்ணம் பூசிய பலகையை எக்காரணம் கொண்டும் ஏற்றல் ஆகாது.

வைரத்திலும் மரத்துக்கு மரம் வேற்றுமை உண்டு. தேராதூனில் 1906-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் இதனை நெடுங்காலமாக அளந்து வருகின்றது. 60 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் சதுரமும் உள்ள வைரக் கட்டைகளை வரிசை வரிசையாக மண்ணில் பாதியளவு புதைத்து வைத்து, காளானும் கறையானும் அவற்றை எத்தனை மாதங்களில் அழிக்கின்றன என்று குறிப்பர். கட்டைகள் நிற்கும் கோலத்தைக் கண்டு அதனை இடுகாட்டுப் பரிசோதனை என்பர், பெயர் பொருத்தமானதே. இச்சோதனையைக் கொண்டு மரங்களை மூன்று வகுப்பாகப் பிரித்துள்ளனர். சராசரியாக 120 மாதங்களும் அதற்கு மேலும் நிற்பவை முதல் வகுப்பு. 60 மாதம் முதல் 120 மாதத்துக்குள் அழிபவை இரண்டாம் வகுப்பு. 60 மாதமும் நில்லாதவை மூன்றாம் வகுப்பு. இந்தியத் தர நிர்ணயம் 401-இல் இவ்வகுப்புகள் காணப்படும்.

இந்த மாதக் கணக்கை அப்படியே சாய்தளத்தின் ஆயுள் என்று கொள்ளலாகாது. அது மண்ணில் புதைத்த சிறு கட்டையின் ஆயுள். மண்ணுக்கு மேலே, காற்றோட்டத்தில் இருக்கும் பலகை அதனினும் நெடுநாள் நிற்கும். மரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கே இவ்வெண்கள் பயன்படுவன.

அந்தந்த வட்டாரத்தில் கிடைக்கும் முதல் வகுப்பு மரத்தைத் தேடுவதே அறிவுடைமை. தொலைவிலிருந்து தேக்கு வருவித்தல் தேவையன்று. வடமேற்கு இமயமலைப் பகுதிகளில் தேவதாரு உள்ளது. காசுமீரத்தின் பழைய பாலங்கள் தேவதாரு மரங்களை அடுக்கிய தூண்களின்மேல் நின்றவை. (தமிழ்நாட்டுக் குறுங்காடுகளில் தேவதாரம் எனப்படும் செம்புலிச்சான் வேறு மரம், பெயரொற்றுமை கண்டு மயங்கவேண்டா.) தேவதாரு இலேசானது, அறுப்பதும் இழைப்பதும் எளிது. அடிவாரத்திலும் பீகார், ஜார்க்கண்டு, ஒடிசா, சத்தீசுகட்டுப் பகுதிகளிலும் சால மரம் கிடைக்கும். அது மிக்க உறுதியும் கனமும் உடையது. ஆனால் ஈரம் உலராத சாலப் பலகை பின்னர் முறுக்கிக்கொள்ளும். பச்சை மரமாக வாங்கி உடனே ஆணி அடித்த சாலப் பலகை ஓராண்டில் ஒரு மூலை தூக்கி நிற்பதை யாரும் கண்டிருக்கலாம். நடுவண் இந்தியாவிலும் தக்காணத்திலும் தேக்கும் வேங்கையும் உள்ளன. மேற்குக் கடற்கரையில் இருள் மரம் கிடைக்கும்; வறண்ட தக்காணப் பகுதிகளில் ஆச்சா. வடகிழக்கில் நாகமரம். அந்தமானில் படாக். இவற்றுள் ஆச்சாவும் நாகமரமும் இரும்பை ஒத்தவை. துளையிடாமல் ஆணியடிக்க முயன்றால் ஆணிதான் வளையும்.

மா, இலவு, ரப்பர் மரம், சீர் பைன், பாப்லர் முதலியன மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தன. மேற்கூறிய மலையடிவாரப் பள்ளியில் பயன்படுத்தியது மருந்தூட்டாத சீர் பைன். அதிலும் பெரும்பகுதி வெளிறு. பெட்டி செய்வதற்கும் உட்புற வேலைக்கும் இவை குறையற்ற மரங்கள். வெயில் மழையில் இவற்றை அப்படியே வைத்தல் ஆகாது.

மருந்தூட்டிய மரம்

நல்ல வைரம் கிடையாத இடத்தில் என்ன செய்வது? இங்கே இயற்கையின் ஒரு விந்தையைக் காண்கிறோம். நீரை எளிதில் உறிஞ்சி எளிதில் மட்கும் வெளிறுதான் காப்பு மருந்தையும் எளிதில் உறிஞ்சுகின்றது. சால வைரத்தில் மருந்து உட்புகுவது அரிது. சீர் பைனில் ஆழமாகப் புகும். ஆகவே தாமாகவே நிலைக்கும் வைரம் ஒரு வழி, நன்கு மருந்தூட்டிய மெல்மரம் மற்றொரு வழி. இரண்டும் ஏற்புடையன. அரைகுறையாக மருந்து தடவிய கலப்பு மரமே ஏமாற்றுவது.

தடவுதல் வேறு, ஊட்டுதல் வேறு. தூரிகையால் பூசிய மருந்து மேற்புறத்தில் சில மில்லிமீட்டரே இறங்கும். வெயிலில் பலகை வெடித்தவுடன் வெடிப்பின் வழியே காளான் உள்ளே போய்விடும். 1838-இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தல் என்பவர் உரிமம் பெற்ற முறையில், மரத்தை இரும்பு உருளையில் அடைத்து, முதலில் காற்றை இழுத்து வெற்றிடமாக்கி, பின்னர் மருந்தை அழுத்தத்தோடு செலுத்துவர். இன்றும் அடிப்படை அதுவே. அத்தகைய ஆலையில் ஊட்டிய மரத்தையே சாய்தளத்துக்குக் கேட்கவேண்டும்.

இம்மருந்துகளுள் உலகெங்கும் பரவிய ஒன்று நம் நாட்டில் பிறந்தது. தேராதூன் நிலையத்தில் பணியாற்றிய சோன்டி காமேசம் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புகளைச் சேர்த்து ஒரு கலவையைக் கண்டார். செம்பு காளானைத் தடுக்கும். ஆர்செனிக் கறையானைக் கொல்லும். இவை மழையில் கரைந்து போகாதவாறு மரத்தின் நாரோடு பிணைத்து வைப்பது குரோமியத்தின் வேலை. ஆர்செனிக், செம்பு ஆகியவற்றின் வேதியியற் குறியீடுகளை இணைத்து அதற்கு 'ஆஸ்கு' என்று பெயரிட்டனர். இது ஊட்டிய மரம் இளம்பச்சை நிறம் கொண்டிருக்கும்.

ஆயினும் ஆர்செனிக் நஞ்சு. குழந்தைகள் கைவைக்கும் இடங்களில் இது வேண்டா என்ற கருத்து வலுப்பெற்று, அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு இதனை ஊட்டுவதை உற்பத்தியாளர்கள் நிறுத்தினர். நம் கருத்தும் இதுவே: சாய்தளத்தின் கீழுள்ள கால்களுக்கும் சட்டங்களுக்கும் ஆஸ்கு ஊட்டிய மரம் தகும், கைப்பிடிக்கு அது தகாது. சக்கர நாற்காலியில் செல்பவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டுச் செல்வதில்லை. அதைப் பற்றி இழுத்தே மேலேறுகின்றார். பின் அதே கையால் உண்கின்றார். கைப்பிடி வழுவழுப்பாக இழைத்த தேக்கு வைரமாகவோ, 38 முதல் 45 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுக் குழாயாகவோ இருக்கட்டும்.

மருந்தூட்டிய மரம் என்று கடையில் கூறினால், எந்த மருந்து என்று அடுத்துக் கேட்கவேண்டும். ரப்பர் மரத்துக்குப் பெரும்பாலும் போரான் உப்புகளை ஊட்டுவர். பூச்சிக்கு அது நல்ல மருந்து; நாற்காலி மேசைகளுக்குப் போதும். ஆனால் அது நீரில் கரைவது. ஒரு மழைக்காலத்தில் மருந்து மண்ணுக்குப் போய், மரம் மட்டுமே நமக்கு எஞ்சும். இரயில் தண்டவாளக் கட்டைகளுக்கு ஊட்டிவந்த கிரியோசோட் எண்ணெய் மழையில் கரையாதது, ஆயினும் நாற்றமும் பிசுபிசுப்பும் உடையது, தோலுக்கும் கேடு. பள்ளி வாயிலுக்கு அது உரியதன்று. பழைய தண்டவாளக் கட்டை மலிவாகக் கிடைக்கின்றது என்று பலகையாக அறுப்பதையும் தவிர்க்கவேண்டும்.

அறுத்தலும் துளையிடுதலும் முடிந்தபின் மருந்தூட்டுவதே முறை. ஊட்டியபின் பலகையை வெட்டினால், மருந்து எட்டாத உள்மரம் வெட்டுமுகத்தில் வெளிப்படும். அங்கு மருந்தை இரண்டு மூன்று முறை பூசி ஊறவிடவேண்டும். வெட்டி மீந்த துண்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பள்ளியில் சத்துணவுக் கூடத்து அடுப்பு எப்போதும் விறகு தேடுவது. ஆஸ்கு ஊட்டிய மரத்தை எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் சேரும். துண்டுகளைத் தச்சரிடமே எண்ணி ஒப்படைத்து அப்புறப்படுத்துவது நல்லது.

பலகையும் சக்கரமும்

பலகைகளைச் செல்லும் திசைக்குக் குறுக்காகவே இடவேண்டும். நெடுக்காக இட்டால் முன்சக்கரம் இடைவெளியில் இறங்கிச் சிக்கும். பலகை வழியே மழைநீரும் நெடுந்தொலைவு ஓடிப் பாசி பிடிக்கும். உலர்ந்த பலகைகளுக்கிடையே 5 அல்லது 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். நீர் வடியும், மழையில் பலகை பருத்தாலும் ஒன்றையொன்று நெருக்காது. 12 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி ஊன்றுகோலுக்கு இடர் தரும்.

பலகையின் கனம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர், என்று மேலே கணக்கிட்டோம். ஓரங்குலப் பலகை போதாதா என்று கேட்கப்படுவதுண்டு. மின்விசையால் இயங்கும் நாற்காலியும் அமர்ந்திருப்பவரும் தள்ளுபவருமாக 250 கிலோகிராம் வரை ஒரே இடத்தில் வருதல் கூடும். பலகையின் வளைவுத் தாங்குதிறன் அதன் கனத்தின் வருக்கத்தைப் பொறுத்தது. 25-க்கும் 38-க்கும் கனத்தில் வேற்றுமை ஒன்றரை மடங்கே. தாங்குதிறனில் அது ஏறத்தாழ 2.3 மடங்காகும். மேலும், ஐந்து மில்லிமீட்டர் மட்கிப்போன ஓரங்குலப் பலகை தன் வலிமையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்துவிடும். கீழுள்ள சட்டங்களை 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைக்கவேண்டும். ஒரு பலகையின் நடுவிலோ விளிம்பிலோ பெருங்கணு இருந்தால் அதனைத் தளத்துக்கு எடுக்கலாகாது. குறுகத் தறித்து வேறிடத்துக்குப் பயன்படுத்தலாம்.

மழமழப்பாக இழைத்து எண்ணெய் வண்ணம் பூசுவது அழகு எனக் கருதுவோர் பலர். மழையில் அது கண்ணாடி போல் வழுக்கும். தளத்தின் மேற்புறம் வாள் அறுத்த சொரசொரப்போடு இருப்பதே நன்று. அல்லது குறுக்கே நுண்ணிய வரிப்பள்ளங்கள் இழைக்கலாம். வண்ணம் வேண்டுமெனின், அது ஈரமாக இருக்கும்போதே சலித்த ஆற்றுமணலைத் தூவிவிடுவர்.

ஆணியைப் பற்றியும் கூறவேண்டும். தேக்கு, சாலம் ஆகியவற்றின் துவர்ப்புப் பொருள் வெற்றிரும்பைத் தின்று மரத்தைக் கருக்கும். செம்பு ஊட்டிய மரம் அதனினும் விரைவாக அரிக்கும். துருப்பிடித்த ஆணியைச் சுற்றி மரமும் கெட்டுத் துளை பெரிதாகும். பலகை ஆடத் தொடங்கும். நிமிர்ந்த ஆணித்தலை சக்கரத்தின் இரப்பரைக் கிழிக்கும். துருவேறா எஃகுத் திருகாணியோ, உருகிய துத்தநாகத்தில் தோய்த்த திருகாணியோ பயன்படுத்துக. பத்துப் பலகைக்கு ஆகும் ஆணிச் செலவு ஒரு பலகையின் விலைகூட ஆகாது. அதிற் சிக்கனம் பார்ப்பவர் பலகையையே இழப்பர்.

வகுப்பறையில்

மேற்கூறிய செய்திகள் பலவற்றை ஆசிரியர்கள் மாணவர் கண்முன்னரே காட்டலாம். ஒரே பலகையிலிருந்து இரண்டு சிறு துண்டுகள் வெட்டுக. ஒன்றின் வெட்டுமுகமும் மற்றொன்றின் பக்கமுகமும் மை கலந்த நீரைத் தொடுமாறு தட்டில் நிறுத்துக. ஒரு மணி நேரம் கழித்துப் பிளந்து பார்த்தால், வெட்டுமுகத்தின் வழியே மை வெகுதூரம் ஏறியிருக்கும். பக்கத்தின் வழியே மிகச் சிறிதே சென்றிருக்கும். மரத்தின் குழாய்கள் நெடுக்காக ஓடுவதே காரணம். சாய்தளத்துப் பலகைகளின் இரு முனைகளையும் மெழுகோ கெட்டி வண்ணமோ கொண்டு ஏன் அடைக்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஈரத்தை அளப்பதும் எளிது. மரத் துண்டை நிறுத்துக் குறித்துக்கொண்டு, 103 பாகை வெப்பமுள்ள உலர்த்தும் அடுப்பில் எடை மாறாத நிலை வரும்வரை காயவிடுக. முதல் எடை 130 கிராம், பின் எடை 100 கிராம் எனின், இழந்த 30 கிராமை உலர்ந்த எடையாகிய 100-ஆல் வகுக்க, ஈரம் நூற்றுக்கு 30. முதல் எடையால் வகுப்பது மாணவர் அடிக்கடி செய்யும் பிழை.

தேக்கு வைரம், தேக்கு வெளிறு, மா ஆகிய மூன்று கட்டைகளை மழைக்காலத் தொடக்கத்தில் பள்ளித் தோட்டத்தில் பாதி புதைத்து, திங்கள்தோறும் எடுத்துக் கத்தி முனையால் குத்திப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம். தேராதூனில் செய்வதன் சிறு உருவமே இது. வெளிறும் மாவும் எவ்வாறு உடன்செல்கின்றன என்பதை மாணவர்கள் தாமே கண்டறிவர்.

இதே கத்திமுனைச் சோதனையை ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், சாய்தளத்திலும் செய்துவரவேண்டும். மேற்புறத்தைப் பார்த்தால் போதாது. கீழே குனிந்து சட்டமும் கல்லும் சேரும் இடம், பலகையும் சட்டமும் ஒட்டும் இடம், திருகாணியைச் சுற்றிய இடம், கைப்பிடிக் காலின் அடி ஆகியவற்றைக் குத்திப் பார்க்கவேண்டும். நல்ல மரம் கத்தியைத் தடுத்து, நீண்ட சிம்பாக உரியும். மட்கிய மரம் குறுகத் தெறித்து உடையும். கல்லின்மேல் மண்குழல் ஏறியிருந்தால் அது கறையானின் வழி. அதனை உடைத்துவிட்டு, மறு வாரம் மீண்டும் கட்டப்பட்டுள்ளதா என்று நோக்கவேண்டும். அடியில் குவிந்த சருகையும் மண்ணையும் வாரிவிடுவது இரண்டு மாணவர்களுக்கு அரைமணி நேர வேலை.

மேலே குறிப்பிட்ட பள்ளியில் அடிப்பகுதியை ஆற்றுக்கல்லால் கட்டி, மேற்பகுதிக்குத் தேவதாரு வைரம் இட்டுப் புதிய சாய்தளம் அமைத்தனர். பழைய பலகைகளுள் மேலிருந்த நான்கு இன்னும் உறுதியாகவே இருந்தன. அவை நூலக அலமாரியின் தட்டுகளாயின.